பனி வருமுன் ஒரு குழாய்ப் பாடம்

 

ஐப்பசி பிறந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் நேற்று ராத்திரி நல்ல மழை. ஜி.என்.டி. ரோட்டு ஓரமெல்லாம் வழக்கம்போல் குளம். அமெரிக்கா, கனடா பக்கம் இருக்கிற நம் பிள்ளைகள் இந்நேரம் ஸ்வெட்டரை வெளியே எடுத்திருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வெளியே தோட்டத்துச் சுவரில் ஒரு குழாய் இருக்கும். அதில் மாட்டியிருக்கிற ஹோஸைக் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். படித்து முடித்துவிட்டுக் கழற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களை நான் 33 வருடம் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். போன ஏப்ரலில் மின்னசோட்டாவிலிருந்து ஒரு மாணவன் கூப்பிட்டான். 1996-ல் பத்தாம் வகுப்பு முடித்த கூட்டத்தில் ஒருவன். அவனுடைய அப்பா சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டர். சைக்கிள் கேரியரில் எப்போதும் ஒரு பைப் ரெஞ்ச் கட்டியிருக்கும். அந்த சைக்கிளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

"சார், சுவத்துக்குள்ளேருந்து தண்ணி ஒழுகுது சார்" என்றான்.

முந்தின வருடம்தான் கடன் வாங்கி வீடு வாங்கியிருக்கிறான். கைக்குழந்தை வேறு. பனி கரைந்து வெயில் வந்ததும் செடிக்குத் தண்ணீர் விடலாம் என்று வெளிக்குழாயைத் திறந்திருக்கிறான். பத்து நிமிடத்தில் கீழே அடித்தள அறையின் கூரை நனைந்து, அட்டைப் பலகை ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கிவிட்டது. உள்ளே குளிருக்காக அடைத்திருந்த பஞ்சு முழுக்க ஈரம். பிளம்பரைக் கேட்டால் 450 டாலர் ஆகும், அதுவும் அடுத்த வாரம்தான் வர முடியும் என்றாராம்.

"குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டுகூட வரலை சார். பைப்பு வெடிச்சிருந்தா அப்பவே ஒழுகியிருக்கணுமே? இன்னைக்கு எப்படி?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் அந்தக் குழாய் முழுவதும் புரிந்துவிடும்.

நம் ஊர் பித்தளைக் குழாயில் தண்ணீர் எங்கே நிற்கிறது? திருகுக்கு நேர் கீழே. திருகத் திருக ஸ்பிண்டில் இறங்கி, அதன் அடியிலுள்ள ரப்பர் வாஷர் ஒரு துளையின் வாயில் போய் உட்காரும். தண்ணீர் நின்றுவிடும். 1845-ல் இங்கிலாந்தில் ராதரம் என்ற ஊரில் காப்புரிமை வாங்கிய வடிவம் இது. இன்றைக்கும் நம் கடைகளில் ஐ.எஸ். 781 என்ற தர எண்ணோடு விற்கிற பிப் காக் அதன் பேரன்தான்.

குளிர் நாட்டில் இது உதவாது. சுவருக்கு வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போது, திருகுக்கு அடியில் நிற்கிற தண்ணீர் உறைந்துவிடும். அதனால் அவர்கள் வாஷரைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். திருகு சுவருக்கு வெளியே இருக்கும். ஸ்பிண்டில் எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குல நீளம். வாஷர் உட்காருகிற இடம் வீட்டுக்குள், ஹீட்டரின் சூடு இருக்கிற பக்கம். கைப்பிடி தெருவாசலில், தாழ்ப்பாள் சமையலறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஃப்ராஸ்ட் ஃப்ரீ குழாய் என்று பெயர்.

சரி, மூடிய பிறகு அந்த நீளக் குழலுக்குள் தங்கிய தண்ணீர் என்ன ஆகும்? குழலை வெளிப்பக்கம் லேசாகச் சரித்து மாட்டியிருப்பார்கள். மூடிய பிறகு சில விநாடிகள் ஒழுகி வடிந்துவிடும். இதைப் பார்த்துவிட்டுக் குழாய் ரிப்பேர் என்று நினைத்து, பலத்தைக் காட்டி இறுக்கி வாஷரை நசுக்குகிறவர்கள் உண்டு. அது ரிப்பேர் இல்லை. அப்படி வடிவதுதான் அதன் வேலை.

அந்த வாயில் ஹோஸ் மாட்டியிருந்தால்? அதன் நுனியில் துப்பாக்கி மாதிரி ஒரு பீச்சான் இருக்கும், அதுவும் மூடியிருக்கும். தண்ணீர் வடிய வழி கிடையாது. குழலுக்குள்ளேயே நிற்கும். பத்தாம் வகுப்பு வரை போவானேன், ஏழாம் வகுப்பிலேயே படித்தோம். நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. தாமிரக் குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காமல், மீன் வாய் பிளந்த மாதிரி நீளவாக்கில் பிளந்துகொள்ளும்.

பிளந்த இடம் வாஷருக்கு அந்தப் பக்கம். வாஷர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே குழாய் மூடியிருக்கிற வரை ஒரு சொட்டும் வராது. திறந்தால்தான் தண்ணீர் அந்தக் குழலுக்குள் வரும், வந்ததும் பிளவு வழியாகச் சுவருக்குள் போகும். காயம் பட்டது தை மாதம், ரத்தம் வந்தது சித்திரையில்.

சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஹோஸ் மாட்டினபடியேதான் சார் இருந்துச்சு" என்றான். வீட்டை விற்றவர் அதைக் கழற்றவில்லை. இவனுக்கும் யாரும் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? தமிழ்நாட்டில் உறைபனி என்றால் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலைமேல்தான். அதுவும் விடியற்காலையில் புல்மேல் உப்புத் தூவினாற்போல் படிந்து, வெயில் ஏறியதும் போய்விடும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை சொன்னேன். குளிர் முடிந்து முதல்முறை திறக்கும்போது எல்லோரும் செய்யுங்கள். ஹோஸ் இல்லாமல் குழாயைத் திறந்து, வாயைக் கட்டைவிரலால் அழுத்தி அடையுங்கள். நல்ல குழாயாக இருந்தால் விரலைப் பிய்த்துக்கொண்டு பீச்சும். அங்கே வீட்டுக் குழாயின் அழுத்தம் சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு. (நம் மொட்டை மாடித் தொட்டி 20 அடி உயரத்தில் இருந்தால் 9 பவுண்டுகூட வராது. இங்கே விரலால் அடைத்துவிடலாம், அங்கே முடியாது.) அங்கேயும் சுலபமாக அடைக்க முடிந்தால், தண்ணீர் உள்ளே வேறு வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே மூடிவிட வேண்டும். அவன் அடைத்துப் பார்த்தான். சாதுவாக அடங்கியது.

"மாத்த வேண்டியதுதான். நீயே மாத்துறியா?" என்றேன்.

"ரெஞ்ச் இருக்கு சார்" என்றான். எந்த ரெஞ்ச் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பா இறந்து காரியம் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, 23 கிலோ பெட்டியில் ஊறுகாயையும் பருப்புப் பொடியையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு அந்த 14 அங்குல பைப் ரெஞ்சை வைத்துக்கொண்டு போனவன் அவன். ஒன்றரை கிலோ இரும்பு எதுக்குடா என்று அவன் அம்மா என்னிடம் வந்து அங்கலாய்த்தார்.

அடுத்த சனிக்கிழமை அவனுக்குக் காலை, எனக்கு ராத்திரி ஒன்பது. வீடியோவில் உட்கார்ந்தோம். செய்தது இவ்வளவுதான். வீட்டுக்குள் அந்தக் குழாய்க்குப் போகிற லைனின் வால்வை மூடினான். வெளியே குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடியவிட்டான். சுவரோடு பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூவையும் சுற்றிலுமிருந்த பசையையும் எடுத்தான். பிறகுதான் முக்கியமான இடம். ஒரு ரெஞ்சால் உள்ளே லைன் பைப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் குழாயைக் கழற்ற வேண்டும். பிடிக்காமல் திருகினால் சுவருக்குள் பைப்பே முறுக்கிக்கொள்ளும், ஒரு வேலை மூன்று வேலையாகிவிடும். அப்பாவின் ரெஞ்ச் உள்ளே பிடித்தது. கடையில் புதிதாக வாங்கியது வெளியே சுற்றியது. பிடித்தவர் அவன் மனைவி. அந்தப் பெண் கேமராவைப் பார்த்து, "சார், இதை எவ்வளவு நேரம் சார் பிடிக்கணும்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

குழாய் வெளியே வந்தது. நடுவில் இரண்டு அங்குல நீளத்துக்குப் பிளவு.

அதே நீளத்தில் புதுக் குழாய். பத்து அங்குலத்துக்குப் பதில் எட்டு வாங்கினால் வாஷர் குளிருக்குள் வந்துவிடும், வாங்கிய பணம் வீண். மரையில் டெஃப்லான் டேப் நாலு சுற்று, மரையின் முனையைப் பார்த்தபடி கடிகாரம் சுற்றுகிற திசையில். மாற்றிச் சுற்றினால் இறுக்கும்போது உரிந்துவரும். வெளிப்பக்கம் சரிவு இருக்கிறதா என்று பார்த்து ஸ்க்ரூ போட்டான். உள்ளே வால்வைத் திறந்து அரை மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கூரைப் பலகை. சில வீடுகளில் மரைக்குப் பதில் தாமிரத்தைப் பற்றவைத்திருப்பார்கள். அதைக் கழற்ற சுவருக்குள் நெருப்பு காட்ட வேண்டும். மரவீடு. அங்கே வீரம் வேண்டாம், பிளம்பருக்குக் கொடுங்கள்.

எல்லாக் கோளாறுக்கும் குழாயை மாற்ற வேண்டியதில்லை. மூடி ரொம்ப நேரம் ஆகியும் வாயில் சொட்டிக்கொண்டே இருந்தால் வாஷர் தேய்ந்திருக்கும். உள் வால்வை மூடி, கிளாண்ட் நட்டைக் கழற்றினால் அந்த நீள ஸ்பிண்டில் உருவி வந்துவிடும். நுனியில் நம் ஊர் வாஷரின் சித்தப்பா மகன் உட்கார்ந்திருப்பான். மாற்றிப் போடுங்கள். கைப்பிடி அடியில் கசிந்தால் கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே போதும். தலைமேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், தண்ணீர் ஓடும்போது அதிலிருந்து தெறித்தால் வேக்குவம் பிரேக்கர் போய்விட்டது. அது எதற்கு என்றால், ஹோஸின் நுனி பூச்சி மருந்து வாளியில் கிடக்கும்போது தெருவில் அழுத்தம் சட்டென்று குறைந்தால், அந்த மருந்து குடிநீர் லைனுக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். அதைத் தடுக்கக் காற்றை உள்ளே விடுகிற சின்ன உறுப்பு. தனியாகவே வாங்கிப் போடலாம்.

பழைய வீட்டில் இருப்பவர்களுக்குச் சாதாரணக் குழாயே இருக்கலாம். அப்படியானால் குளிருக்கு முன் உள் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்துவிட்டு வையுங்கள். உள் வால்வின் பக்கவாட்டில் சின்ன மூடி இருந்தால் அதையும் திறந்து வடித்துவிடுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பைப்பில் ஐஸ் பிடித்த இடமே வெடிக்கும் என்று இல்லை. ஐஸுக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறி, ஐஸே இல்லாத இடத்தில் வெடிக்கும். கடுங்குளிர் ராத்திரியில் உள்குழாயை நூல் மாதிரி ஓடவிடச் சொல்வது அழுத்தம் வெளியேறத்தான். உறைந்துவிட்டால் ஹேர் டிரையர் காட்டுங்கள். நெருப்பு வேண்டவே வேண்டாம்.

"ஊருக்கு வரும்போது பாரிமுனையில் நல்ல பித்தளைக் குழாயா ரெண்டு வாங்கிட்டுப் போகட்டுமா சார்?" என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அரை அங்குலத்தில் நம் மரைக்கும் அமெரிக்க மரைக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான். ஆனால் நம்முடையது 55 டிகிரி, அவர்களுடையது 60 டிகிரி. ஆரம்பத்தில் ஏறும், பொருந்தின மாதிரி இருக்கும், ஒழுகும்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். அன்றைக்கு வேலையெல்லாம் முடிந்து கை கழுவும்போது அவன் கேட்டான்: "சார், நம்ம வீட்டு வாசல் குழாய் இன்னும் சொட்டுதா சார்? போன தடவ வந்தப்பவே பார்த்தேன்."

மறுநாள் போய்ப் பார்த்தேன். அவன் அம்மா தனியாக இருக்கிறார். 74 வயது. குழாய்க்கடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

"ரெண்டு வருசமா அப்படித்தான் சார் கீது. வாளி ரொம்புனா செடிக்கு ஊத்திடுவேன். வீணாப் போகலை. அவன்கிட்ட சொல்லாதீங்க, அங்கேருந்து கவலைப்படுவான்" என்றார்.

தண்ணீர் வீணாகவில்லை என்பது நிஜம். 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் தரை தெரிய வறண்டதைப் பார்த்தவர்கள் நாம். வாளி வைக்காமல் யாரும் இருக்க மாட்டோம். பள்ளிக்கூடத்தில் சொட்டுகிற குழாய்க்கடியில் பாட்டில் வைத்து, உங்களையெல்லாம் ஒரு பீரியட் முழுக்க எண்ண வைத்தது நினைவிருக்கிறதா? விநாடிக்கு ஒரு சொட்டு, 40 நிமிடத்தில் அரை லிட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு 20 லிட்டர், ஒரு குடம் நிறைந்து வழியும்.

ஆனால் நான் பார்த்தது வாளியை இல்லை. வாளியைச் சுற்றிச் சிமெண்டுத் தரையில் கையகலத்துக்குப் பச்சையாகப் பாசி. அதன்மேல் கால் வைத்துத்தான் அவர் வாளியைத் தூக்குகிறார், தினமும், விடியற்காலை ஐந்து மணிக்கு, இருட்டில்.

நம் உறவுகளுக்கு என் சித்தியைத் தெரியும். 2017-ல் இதே மாதிரி ஒரு பாசியில்தான் வழுக்கினார். இடுப்பெலும்பு. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவிலேயே அவர் வாழ்க்கை முடிந்தது. அந்த வீட்டுக் குழாய்க்குத் தேவைப்பட்டது 5 ரூபாய் வாஷர்.

அவன் வீட்டுக் குழாயைக் கழற்றினேன். வாஷர் அப்பளம் மாதிரி இரண்டாகப் பிளந்திருந்தது. வாஷர் உட்காருகிற பித்தளை விளிம்பிலும் ஒரு பள்ளம். போர் தண்ணீரின் உப்பு ஸ்பிண்டிலில் வெள்ளையாகப் படிந்து திருகு கடினமாகிவிட்டது. மூட்டுவலிக் கையால் முடியாமல், அவர் துணியைச் சுற்றி முழுப் பலத்தோடு இறுக்கியிருக்கிறார். இறுக்க இறுக்க வாஷர் கிழியும், கிழியக் கிழியச் சொட்டும், சொட்டச் சொட்ட இன்னும் இறுக்குவார். நம் வீடுகளில் பனி செய்யாத வேலையை இந்த உப்பும் வெயிலும் செய்கின்றன. பிளாஸ்டிக் குழாய் மாட்டியவர்களுக்கும் சொல்கிறேன். நாலு கத்திரி வெயில் பார்த்தால் அது பொரித்த வடாம்தான், கைப்பிடியோடு கையில் வரும்.

வாஷர் மாற்றினால் ஆறு மாதம் ஓடும், விளிம்புப் பள்ளம் புதிய வாஷரையும் தின்னும். அதனால் கால் சுற்றில் மூடுகிற லீவர் குழாயாக மாற்றினேன். ஒரு விரலால் மூடலாம். ஒரு குறை உண்டு. உள்ளே இருக்கிற பீங்கான் தட்டுக்கு மணல் ஆகாது, கீறிவிடும். போர் தண்ணீரில் மணல் வராமல் இருக்குமா? அதனால் தொட்டியிலிருந்து இறங்குகிற பைப்பில் சின்ன ஜல்லடை ஃபில்டர் ஒன்று போட்டோம். மாதம் ஒரு தடவை கழுவ வேண்டும், பக்கத்து வீட்டுப் பையன் கழுவுகிறான். பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து எடுத்தோம். இப்போது வாளி கிடையாது, தரை காய்ந்து வெள்ளையாக இருக்கிறது. குழாய்க்கு நேர் மேலே ஒரு லைட்டும் போட்டாயிற்று.

டிசம்பரில் இரண்டு வாரம் லீவில் ஊருக்கு வருகிற பிள்ளைகளே, சாக்லேட்டைக் கொடுத்து முடித்ததும் வீட்டுக்கு வெளியே போய் அந்தக் குழாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அம்மாவிடம் கேட்காதீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்பார். தரையைப் பாருங்கள்.

அந்தப் பழைய பித்தளைக் குழாய் என்னிடம் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாமா என்று கேட்டதற்கு அவன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 1988-ல் அந்த வீட்டுக்காரர் கையால் மாட்டியது. "அதுக்கும் ஒரு வாஷரு போட்டுக் குடுங்க சார், பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துல மாட்டிக்கலாம்" என்றார். விளிம்பைச் சிப்காட் பக்கம் ஒரு லேத்தில் கொடுத்துச் சமன் செய்து வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, புது வாஷரும் போட்டு வைத்திருக்கிறேன். மாட்டுகிற வேலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். டிசம்பர் 20 வாக்கில் அவன் வருகிறான்.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். அந்த ரெஞ்சைத் திரும்பச் சுமந்துகொண்டு வராதே, என்னிடம் ஒன்று இருக்கிறது. டெஃப்லான் டேப் மட்டும் வரும் வழியில் வாங்கிக்கொள்.